தூணுக்குள் மழை



ஏற்காட்டில் நான்கு நாட்களாக விடாத மழை. வீட்டுக்குப் பின்னால் ஆர்க்கிட் தொட்டிகளுக்காகப் போட்ட கண்ணாடிக் கூரையின் கீழ் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அந்தக் கூரையைப் போட்டவனிடம் நான் ஒரு மன்னிப்பு கேட்க வேண்டியிருந்தது.

1988-ல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை பெங்களூர் லால்பாக்குக்குச் சுற்றுலா அழைத்துப் போனேன். அங்கேயுள்ள கண்ணாடி மாளிகைக்கு 1889-ல் அடிக்கல் நாட்டினார்கள். லண்டன் படிக மாளிகைதான் அதற்கு முன்மாதிரி. எல்லோரும் வாயைப் பிளந்து பார்க்க, ஒருவன் மட்டும் கேட்டான்: "சார், இவ்ளோ பெரிய கூரைல மழை பெஞ்சா தண்ணி எப்படி சார் கீழ வரும்?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல அன்று மனம் வரவில்லை. "அதிகப்பிரசங்கி, வரிசையில நில்லுடா" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அதன்பின் வகுப்பில் அவன் கை தூக்கி நான் பார்க்கவில்லை. பத்தாம் வகுப்போடு நின்று, சேலத்தில் வெல்டிங் பட்டறையில் சேர்ந்துவிட்டான்.

பல வருடம் கழித்துப் படிக மாளிகையைப் பற்றிப் படித்தேன். 1851-ல் ஹைட் பார்க்கில் நடந்த உலகக் கண்காட்சிக்காக அதை வடிவமைத்தவர் ஜோசப் பாக்ஸ்டன். படித்த கட்டடக் கலைஞர் அல்ல, தோட்டக்காரர். 1,848 அடி நீளம். 49 அங்குல நீளமும் 10 அங்குல அகலமும் கொண்ட கண்ணாடிகள்தான் கணக்கின் தொடக்கம். அவற்றை மேடு பள்ளமாகச் சாய்த்து வைத்தால் ஒரு மடிப்பு 8 அடி. மூன்று மடிப்பு சேர்ந்தால் 24 அடி. தூண்களை அந்த 24 அடிக் கணக்கில் நிறுத்தினார்கள். எல்லாம் ஒரே அளவு என்பதால் பட்டறையில் வார்த்து, கொண்டுவந்து பூட்டினால் போதும்.

மழைநீர்? பள்ளங்களில் மரத்தால் ஆன வாய்க்கால்கள். அவற்றில் ஓடும் நீர், உள்ளே வெற்றிடமாக வார்த்த இரும்புத் தூண்கள் வழியாகக் கீழே இறங்கியது. கூரையைத் தாங்கிய தூணே மழைக்குழாய். கண்ணாடி பதிக்கும் ஆட்கள் உட்கார்ந்து வேலை செய்த வண்டியின் சக்கரமும் அதே வாய்க்கால்மீதுதான் ஓடியது. ஒரு பொருளுக்கு இரண்டு மூன்று வேலை. அந்தக் கட்டடத்தின் சூட்சுமமே அதுதான். எட்டாம் வகுப்புப் பையன் நேராக அங்கேதான் கை வைத்திருக்கிறான்!

போன வருடம் கூரை போட அவனையே கூப்பிட்டேன். நான்கு மூலைக்கும் நாலு அங்குல ஜி.ஐ. குழாயைத் தூணாக நட்டு, வாய்க்காலை அதற்குள் திருப்பிவிட்டான். ஏனப்பா என்றேன். "தூண் உள்ள சும்மாதானே சார் இருக்கு" என்றான். அடைத்துக்கொண்டால்? கீழே மூடி வைத்திருந்தான். அதையும் யோசித்துவிட்டான்.

பாக்ஸ்டன் கதையைச் சொன்னேன். பனிமூட்டத்தில் கண்ணாடியின் உட்பக்கம் வேர்த்துச் சொட்டுமே, அந்த நீரைப் பிடிக்க வாய்க்காலின் இரு ஓரத்திலும் சின்னப் பள்ளம் செதுக்கியிருந்தார்கள் என்றேன். "நம்ம ஊருக்கு அதுதான் சார் முக்கியம்" என்று உடனே தகரத்தின் ஓரத்தை உள்பக்கமாக மடித்துவிட்டான்.

அப்புறம் லால்பாக்கை நினைவூட்டி, "அன்னைக்கு நான் செஞ்சது தப்புப்பா" என்றேன். சிரித்தான். "எனக்கு ஞாபகமே இல்ல சார். ஐஸ் வாங்கிக் குடுத்தீங்க, அதுதான் ஞாபகம்."

அவன் மறந்திருக்கலாம். என்னால் முடியவில்லை.

என் வகுப்பில் கேள்வி கேட்டு, பதில் கிடைக்காமல் உட்கார்ந்தவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். இப்போது எனக்கு நேரம் இருக்கிறது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் கற்றுக்கொண்டேன்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்