பக்கத்து வீட்டுக் கார் சாவி

சட்டம் என் பக்கம்தான் இருந்தது. பிரிட்டனில் 430 முதல் 440 மெகாஹெர்ட்ஸ் வரை அமெச்சூர் வானொலிக்காரர்கள் உரிமத்தோடு பயன்படுத்தலாம். அதே பட்டையில் 433.92-இல் கார் சாவிகள் உரிமமே இல்லாமல் இயங்குகின்றன. குறுக்கீடு வந்தால் அவைதான் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. இந்த விதியை யாரும் கேட்காதபோதே மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டிருந்தவன் நான்.

தெற்கு இங்கிலாந்தில் குடியேறிய பிறகுதான் எனக்கு இந்தத் தொலைக்காட்சிப் பித்து பிடித்தது. வீட்டிலிருந்தே டிஜிட்டல் படம் ஒளிபரப்புவது. ஆரம்பம் ஒரு ஈசிகேப் குச்சி. எங்கள் கல்யாண விஎச்எஸ் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்காக மனைவி வாங்கச் சொன்னது. (கேசட் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது, அது தனி வழக்கு.) இந்த ஈசிகேப்பில் ஒரு வேடிக்கை உண்டு. வெளியே ஒரே உறை, ஒரே பெயர். உள்ளே எந்த சிப் இருக்கும் என்பது அதிர்ஷ்டம். ஃபுஷிகாய் சிப் என்றால் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி உடனே ஏற்றுக்கொள்ளும். சோமேஜிக் என்றால் பாடாய்ப் படுத்திவிடும். எனக்கு ஃபுஷிகாய் வாய்த்தது.

படத்தைக் கணினிக்குள் வாங்கப் பிறந்த குச்சியை டிரான்ஸ்மிட்டரின் முதல் கண்ணியாக்கினேன். பழைய கேமராவின் படத்தை அது பைக்குக் கொடுக்கும். பை அதை எச்.264-ஆகச் சுருக்கி, 188 பைட் பொட்டலங்களாகக் கட்டும். பிரிட்டிஷ் அமெச்சூர் டெலிவிஷன் கிளப்பின் போர்ட்ஸ்டவுன் மென்பொருள் அவற்றை அலையில் ஏற்றும். விநாடிக்கு 333 கிலோசிம்பல். அவை சுமக்கும் பிட்டுகளில் பாதியைப் பிழைதிருத்தத்துக்கு விட்டால், படத்துக்கும் ஒலிக்கும் சேர்த்து மிஞ்சுவது ஏறக்குறைய 300 கிலோபிட். கேமரா முன் தலையைத் திருப்பினால் முகம் கட்டம் கட்டமாகச் சிதறும். ஆனாலும் அரை மெகாஹெர்ட்ஸுக்குள் அடங்கும் அந்தப் படம் 437-இல் கிளம்பி, மேட்டுக்கு அப்பால் இருந்த நண்பரின் திரையில் தெரிந்ததாக 144.75 மெகாஹெர்ட்ஸில் அவர் குரல் வந்தபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அனலாக் காலத்தில் பவர் கூட்டினால் படத்தில் புள்ளி குறையும். அதில் ஒரு நியாயம் உண்டு. டிஜிட்டலில் ஓர் எல்லை தாண்டும் வரை படமே வராது. தாண்டிவிட்டால் அதற்கு மேல் எத்தனை வாட் ஊற்றினாலும் படம் இம்மியும் மாறாது. மாறுவது சிக்னலின் தரத்தைச் சொல்ல ரிசீவர் காட்டும் எம்இஆர் என்ற எண் மட்டும். அந்த எண்ணுக்காகத்தான் ஆம்ப்ளிஃபையர் மாட்டினேன். நண்பர் வாசித்துச் சொல்லும் எண், இன்னொருவருக்குக் கிடைப்பதைவிட ஒரு டெசிபல் கூடுதலாக இருக்க வேண்டும். நான் ஏற்றிய வாட்டுகளுக்கு வேறு காரணம் கிடையாது.

என் யாகி ஆன்டெனா நோக்கிய திசையில், சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டுப் பெண்ணின் கார் நிற்கும். மருத்துவமனையில் இரவுப் பணி பார்ப்பவர். நான் ஒளிபரப்பும் மாலை நேரம்தான் அவர் கிளம்பும் நேரம். கார் ரிசீவர்கள் மலிவானவை. மூன்று மெகாஹெர்ட்ஸ் தள்ளி யாராவது உரக்கக் கத்தினாலே காது அடைத்துப்போகும். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன்: சாவியை அழுத்துகிறார், திறக்கவில்லை, மறுபடி அழுத்துகிறார். ஒளிபரப்பை நிறுத்தினேன். காரின் விளக்கு சிமிட்டியது. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

மறுநாள் காலை அவரே என் வீட்டுக் கதவைத் தட்டினார். இந்த மாதிரிச் சமாசாரங்கள் உங்களுக்குத் தெரியுமாமே என்று சாவியை நீட்டினார். அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். நான் சாவியைப் பிரித்து சிஆர்2032 பேட்டரியை மாற்றிக் கொடுத்தேன். டிரான்ஸ்மிட்டர் அணைந்திருந்ததால் சாவி வேலை செய்தது. நன்றி சொன்னதோடு மாலையில் ஒரு பெட்டி பிஸ்கட்டும் கொண்டுவந்தார். வாங்கிக்கொண்டேன்.

சில நாளில் மறுபடி அதே கதை. காரை கராஜில் விட்டார். அங்கே எந்தப் பழுதும் தெரியவில்லை என்றார்களாம். சோதித்ததற்குக் கூலி வாங்கிக்கொண்டார்களாம். இதை அவர் வேலிக்கு அப்பாலிருந்து சொன்னபோது, இப்போதைய கார்களே இப்படித்தான் என்று ஆமோதித்துத் தலையாட்டினேன். பவரைக் குறைப்பது ஒரு குமிழைத் திருகும் வேலை. அதைச் செய்ய இன்னும் பல வாரம் ஆனது. குறைத்த அன்றும் படம் முன்போலவே போய்ச் சேர்ந்தது.

இப்போது 437-ஐ விட்டுவிட்டேன். 2018-இல் ஏவப்பட்ட எஸ்ஹெய்ல்-2 செயற்கைக்கோளில் அமெச்சூர்களுக்கென்றே ஒரு டிரான்ஸ்பாண்டர் இருக்கிறது, 2.4 கிகாஹெர்ட்ஸில் டிஷ்ஷை வானத்துக்குத் திருப்பி அனுப்புகிறேன். ஏன் மாறினாய் என்று கேட்ட நண்பர்களிடம், கீழே இரைச்சல் அதிகம் என்றேன். அந்த இரைச்சலில் என் பங்கைச் சொல்லவில்லை.

அவர் இன்னும் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார். சாவியின் பொத்தானை நம்பாமல் இன்றும் உலோகச் சாவியைத் துவாரத்தில் நுழைத்தே கதவைத் திறக்கிறார். கராஜில் எவ்வளவு செலவானது என்று நான் கேட்டதில்லை. தொகை தெரிந்துவிட்டால் கொடுக்காமலிருக்க ஒரு சாக்குத் தேட வேண்டியிருக்கும்.