படுக்கையருகே முடிவெடுப்பவர் யார்?

நர்சிங் முடித்த நம் பிள்ளைகள் எங்களைத் தேடி வரும்போது பெரும்பாலும் இரண்டு கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். "அக்கா, கவர்மெண்ட் போஸ்டிங் எப்ப வரும்?", "அக்கா, வெளிநாடு போக என்ன செய்யணும்?" இரண்டும் நியாயமான கேள்விகள். 2015இல் தேர்வாணையம் மூலம் எடுக்கப்பட்ட செவிலியர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம் கொடுத்து, 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் தரையில் உட்கார்ந்து போராடியதைப் பார்த்த பிள்ளைகள் வேறெதைக் கேட்பார்கள்? ஆனால் மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. நோயாளியின் படுக்கையை விட்டு விலகாமல், நர்ஸாகவே இருந்துகொண்டு, சிகிச்சையில் முடிவெடுக்கும் இடத்துக்குப் போக வழி இருக்கிறதா? அதை யாரும் கேட்பதில்லை. அப்படி ஒரு படிப்பு இருப்பதையே அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணி பார்த்தவர்களுக்கு நாங்கள் சொல்வது உடனே புரியும். விடியற்காலை மூன்று மணிக்கு நோயாளியின் ரத்த அழுத்தம் இறங்குகிறது. முதலில் பார்ப்பவர் நர்ஸ். என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் டாக்டருக்குப் போன் போட்டு, அவர் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். இந்த இடைவெளியை நிரப்பத்தான் அமெரிக்காவில் 'அக்யூட் கேர் நர்ஸ் பிராக்டிஷனர்' என்ற பொறுப்பு உருவானது. நோயாளியை முழுமையாகப் பரிசோதிப்பது, தேவையான டெஸ்டுகளை எழுதுவது, ரிசல்ட்டைப் படித்து வென்டிலேட்டரை மாற்றி அமைப்பது, மருந்தைத் தொடங்குவது அல்லது நிறுத்துவது வரை இவர்கள் செய்கிறார்கள். மயங்கிச் சாயும் உயிரை அந்தச் சில நிமிடங்களில் காப்பாற்றுவதற்கான பயிற்சி அது.

அங்கே இது எப்படி வளர்ந்தது என்று தெரிந்துகொள்வது நமக்கு உதவும். 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லோரெட்டா ஃபோர்ட் என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து முதல் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியைத் தொடங்கினார்கள். டாக்டர் எட்டாத இடங்களில் இருந்த குழந்தைகளுக்காகத் தொடங்கியது அது. பிறகு மருத்துவமனைக்குள்ளும் வந்தது. 1990களின் நடுவில் தீவிர சிகிச்சைக்கென்று தனிச் சான்றிதழ்த் தேர்வு வந்தது. 2008இல் எட்டப்பட்ட ஒரு தேசிய உடன்பாடு, சாதாரண மருத்துவ கவனிப்புக்கான பயிற்சியையும் தீவிர சிகிச்சைக்கான பயிற்சியையும் இரண்டு பாதைகளாகப் பிரித்தது. ஒன்றில் படித்தவர் இன்னொன்றில் தானாக வேலை பார்த்துவிட முடியாது.

பாதை இப்படிப் போகிறது: முதலில் பதிவு பெற்ற நர்ஸ். பிறகு இளநிலைப் பட்டம். பெரும்பாலான கல்லூரிகள் ஓரிரண்டு ஆண்டு தீவிர சிகிச்சை அனுபவம் கேட்கின்றன. அதன் பிறகு முதுநிலைப் பட்டம், அல்லது நர்சிங் பயிற்சிக்கான முனைவர் பட்டம். ஏற்கெனவே வேறு துறையில் நர்சிங் முதுநிலை முடித்தவர்களுக்குக் குறுகிய சான்றிதழ்ப் படிப்பும் உண்டு. உடலியங்கியல், மருந்தியல், உடல் பரிசோதனை ஆகிய மூன்றையும் உயர்நிலையில் தனித்தனிப் பாடமாகப் படித்தே ஆக வேண்டும். நோயாளிகளுடன் நேரடிப் பயிற்சி நெடுங்காலம் குறைந்தது 500 மணி நேரமாக இருந்தது. 2022இல் வந்த தேசியத் தரநிலை அதை 750 ஆக்கியது. முடிவில் தேசியத் தேர்வு, பிறகு மாநில உரிமம்.

ஆனால் இந்த ஏணியின் ஒவ்வொரு படிக்கும் காசு வேண்டும். பல ஆன்லைன் கல்லூரிகளில் பயிற்சி தரும் மருத்துவரையோ நர்ஸையோ மாணவரே தேடிக்கொள்ள வேண்டும். ஆள் பழக்கம் உள்ளவருக்கு உடனே இடம் கிடைக்கும், இல்லாதவர் அலைவார். மேற்படிப்புக்கு இருந்த ஒரு பெரிய அரசுக் கடன் திட்டம், புதிதாகக் கடன் கேட்பவர்களுக்கு 2026 ஜூலையிலிருந்து கிடையாது என்று 2025இல் சட்டமே போட்டுவிட்டார்கள். அந்த நாட்டில் இதன் சுமை யார் தலையில் அதிகம் விழும் என்பதை வரலாறு சொல்கிறது. 1879இல் பயிற்சி முடித்து வெளியே வந்த முதல் கறுப்பின நர்ஸ் மேரி எலிசா மஹோனி. அவருடன் சேர்ந்த 42 பேரில் பயிற்சியை முடித்தவர்கள் நால்வர். நர்ஸ் ஆன பிறகும் சங்கக் கதவுகள் திறக்காததால், 1908இல் கறுப்பின நர்சுகள் தங்களுக்கென்று தனிச் சங்கம் கண்டார்கள். 1951 வரை அது இயங்கியது. தகுதி பெறுவது ஒரு போராட்டம், தகுதியை ஒப்புக்கொள்ள வைப்பது அடுத்த போராட்டம். இது நமக்கும் தெரிந்த கதைதான்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். 2017 தேசிய சுகாதாரக் கொள்கை நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பணிப்பிரிவை உருவாக்க வேண்டும் என்று பேசியது. அதே காலகட்டத்தில் இந்திய நர்சிங் கவுன்சில் 'நர்ஸ் பிராக்டிஷனர் இன் கிரிட்டிக்கல் கேர்' என்ற இரண்டாண்டு முதுநிலைப் படிப்பைக் கொண்டுவந்தது. வழக்கமான எம்.எஸ்சி. நர்சிங் படித்தவர் பெரும்பாலும் வகுப்பறைக்குப் போவார், ஆசிரியர் ஆவார். இந்தப் படிப்போ வார்டிலேயே நடக்கிறது. பாடம் சுமார் 20 விழுக்காடு, மீதி 80 விழுக்காடு நோயாளிகளுடன். அமெரிக்காவில் சொன்ன அதே மூன்று பாடங்கள் இங்கேயும் அடித்தளம். ஒவ்வொரு திறனையும் செய்து காட்டி, லாக் புக்கில் கையெழுத்து வாங்க வேண்டும்.

சேருவதற்கு வேண்டியவை: பி.எஸ்சி. நர்சிங்கில் 55 விழுக்காடு, மாநில கவுன்சிலில் பதிவு, குறைந்தது ஓராண்டு மருத்துவமனை அனுபவம், அதுவும் தீவிர சிகிச்சைப் பிரிவாக இருந்தால் நல்லது. ரெசிடென்சி முறை என்பதால் படிக்கும்போதே ஊதியமோ உதவித்தொகையோ தர வேண்டும் என்று கவுன்சிலின் விதி சொல்கிறது. தோழர்களே, இந்த ஒரு வரியை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு மாதாமாதம் பணம் அனுப்ப வேண்டிய முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு, "இரண்டு வருஷம் சம்பளம் இல்லாம படி" என்பதும் "படிக்காதே" என்பதும் ஒன்றுதான். விதியில் உள்ள அந்தத் தொகை கையில் வருகிறதா என்பதைச் சேருவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நம் பிள்ளைகள் எந்தப் படியில் தடுக்கி விழுகிறார்கள் என்பதை நாங்கள் பல வருடங்களாகப் பார்த்து வருகிறோம். எங்கள் பகுதித் தங்கை ஒருத்தி, ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தாள். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க அசல் சான்றிதழ்களைக் கேட்டபோது, "பாண்ட் முடியல, பணத்தைக் கட்டிட்டு வாங்கிக்கோ" என்றார்கள். நாங்கள் மூன்று முறை போய் நின்றோம். கடைசியில் வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பிய பிறகுதான் கொடுத்தார்கள். அதற்குள் விண்ணப்பத் தேதி முடிந்துவிட்டது. ஓராண்டு போனது. அவளுடைய அம்மா எங்களிடம் கேட்டார்: "எம்பொண்ணு படிச்ச காயிதத்த அடமானம் வாங்க அவங்க யாரு?" அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

அடுத்த தடை ஊதியம். 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தனியார் மருத்துவமனை நர்சுகளின் ஊதியம் குறித்துக் குழு அமைக்கச் சொன்னது. 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸுக்கு இணையாகத் தர வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை இன்னும் பல இடங்களில் காகிதத்தில்தான் இருக்கிறது. சேமிக்கவே முடியாத சம்பளத்தில் இருப்பவர் மேற்படிப்புக் கட்டணத்தை எங்கிருந்து கொண்டுவருவார்?

"எஸ்.சி.க்கு ஸ்காலர்ஷிப் இருக்கே" என்பார்கள். இருக்கிறது. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மேனேஜ்மெண்ட் கோட்டாவில் சேர்ந்தால் மத்திய விதிமுறைப்படி அது கிடைக்காது. இடைத்தரகர் சொல்கிறார் என்று முன்பணம் கட்டி அந்த வழியில் சேர்ந்துவிட்டு, பிறகு எங்களிடம் அழுதுகொண்டு வரும் குடும்பங்கள் ஆண்டுதோறும் இருக்கின்றன. கவுன்சிலிங் வழியாகக் கிடைக்கும் இடத்துக்கே முதலில் முயலுங்கள். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காடும், அதற்குள் அருந்ததியருக்கான 3 விழுக்காடும், பழங்குடியினருக்கான 1 விழுக்காடும் போராடிப் பெற்ற உரிமை. ஒரு கல்லூரியில் சில இடங்களே உள்ள படிப்புகளில்தான் இந்தக் கணக்கு சத்தமில்லாமல் கரைந்து போகும். எத்தனை இடம், யாருக்குப் போனது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க ஒரு வெள்ளைத்தாள் போதும்.

இதையெல்லாம் ஏன் ஒரு சாதி எதிர்ப்புத் தளத்தில் எழுதுகிறோம் என்று சிலருக்குத் தோன்றலாம். மலம், ரத்தம், சீழ், பிணம் எல்லாவற்றையும் தீட்டு என்று ஒதுக்கிய சமூகம் இது. அதனால்தான் நர்சிங் வேலைக்குத் தங்கள் வீட்டுப் பெண்களை அனுப்ப உயர்சாதிக் குடும்பங்கள் நெடுங்காலம் தயங்கின. மிஷன் மருத்துவமனைகளில் கிறித்தவப் பெண்கள்தான் அந்தப் பணியை எடுத்துச் செய்தார்கள். 1897இல் புனேயில் பிளேக் பரவியபோது, நோய் கண்ட தலித் சிறுவனைத் தன் முதுகில் தூக்கிக்கொண்டு மருத்துவ முகாமுக்கு ஓடியவர் சாவித்திரிபாய் பூலே. அந்த நோயே அவரையும் கொண்டுபோனது. தொடுவதற்கு அஞ்சாத கைகளின் மரபு நமக்கு உண்டு.

இன்று நர்சிங்குக்கு மதிப்பு வந்துவிட்டது, எல்லாச் சாதியினரும் வருகிறார்கள், வரட்டும். ஆனால் மருத்துவமனைக்குள்ளேயே ஒரு வரிசை இருக்கிறது. துடைப்பவர், தூக்குபவர், ஊசி போடுபவர், முடிவெடுப்பவர். அந்த வரிசையில் மேலே போகப்போக நம் ஆட்களைக் காண்பது அரிது. உடம்பைத் தொடும் வேலை நமக்கு, அந்த உடம்பைப் பற்றி முடிவு சொல்வது அவர்களுக்கு என்ற பங்கீடு வெள்ளைக் கோட்டுக்குள் ஒளிந்துகொண்டு நடக்கிறது. இப்போது புதிதாக ஒரு படி போடப்படுகிறது. புதிய படியில் முதலில் ஏறுகிறவர்கள்தான் நாளை பாடத்திட்டம் எழுதுவார்கள், தேர்வுக் குழுவில் உட்காருவார்கள். அங்கே நாம் இல்லாமல் போனால், பத்தாண்டு கழித்து "உங்களில் தகுதியானவர் இல்லையே" என்று நம்மிடமே சொல்வார்கள்.

இந்தப் படிப்பின் குறையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். படிப்பு வந்த வேகத்தில் பணியிடம் வரவில்லை. மருந்து எழுதும் அதிகாரம் இன்னும் அந்தந்த மருத்துவமனையின் நெறிமுறைக்குக் கட்டுப்பட்டதாகவே இருக்கிறது. இரண்டு ஆண்டு உழைத்து வந்தவரை மறுபடியும் ஸ்டாஃப் நர்ஸ் வரிசையிலேயே நிறுத்தினால், அந்தப் படிப்பை நம்பி யார் வருவார்கள்? நர்சிங் கவுன்சிலின் 1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் தேசிய நர்சிங், மகப்பேறு செவிலியர் ஆணையச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. அதன் கீழ் விதிகள் எழுதப்படும்போது நர்ஸ் பிராக்டிஷனருக்குத் தனிப் பதிவு, தனிப் பணியிடம், தனி ஊதிய நிலை வேண்டும் என்று மாணவர் அமைப்புகள் இப்போதே மனு கொடுக்க வேண்டும். பணியிடம் உருவாகும் நாளிலேயே இடஒதுக்கீடும் அதில் எழுதப்பட வேண்டும்.

அமெரிக்கா போய்ப் படிக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பட்டியல் சாதியினர் உள்ளிட்டோருக்கான தேசிய வெளிநாட்டு உதவித்தொகைக்கு 35 வயதுக்குள் இருக்க வேண்டும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், 60 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். தமிழ்நாடு அரசும் வெளிநாட்டு மேற்படிப்புக்கு உதவுகிறது. ஆனால் பணம் கிடைத்தால் மட்டும் போதாது. அங்கே இந்தப் படிப்பில் சேர, அந்நாட்டு நர்ஸ் உரிமம் கையில் இருக்க வேண்டும். அதற்கு என்.கிளெக்ஸ் தேர்வு எழுத வேண்டும், அதை இந்தியாவிலேயே எழுதலாம். ஆகவே உரிமத்தை முதலில் பாருங்கள், உதவித்தொகையைப் பிறகு பாருங்கள்.

பி.எஸ்சி. கடைசி ஆண்டில் இருப்பவர்கள் இந்த வாரமே செய்யக்கூடியவை சில உண்டு. சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டையும் புதுப்பித்து வையுங்கள். வேலையில் சேரும்போது அசல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள், நகல் கொடுங்கள். பாண்டில் கையெழுத்துப் போடுமுன் யாரிடமாவது படித்துக் காட்டுங்கள். முதல் வேலையிலேயே தீவிர சிகிச்சைப் பிரிவைக் கேளுங்கள், தர மறுத்தால் மறுபடியும் கேளுங்கள். அனுபவச் சான்றில் அந்தப் பிரிவின் பெயரைக் குறிப்பிட்டு வாங்குங்கள். எம்.எஸ்சி. நர்சிங்கில் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 5 விழுக்காடு மதிப்பெண் தளர்வு உண்டு. நர்ஸ் பிராக்டிஷனர் அறிவிப்பில் அந்த வரி இல்லையென்றால், ஏன் இல்லை என்று எழுதிக் கேளுங்கள்.

நர்சிங் படிக்காத தோழர்களுக்கும் வேலை இருக்கிறது. உங்கள் ஊரில், உங்கள் தெருவில் நர்சிங் முடித்த ஒரு தங்கையோ தம்பியோ இருப்பார்கள். இப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்று அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள். விண்ணப்பம் நிரப்ப உடன் உட்காருங்கள்.

ஜெய் பீம்!