புள்ள சார்ஜரை எடுத்துட்டுப் போச்சா?

ஃபேரர் பார்க் எம்.ஆர்.டி. நிலையத்திலிருந்து மேலே வந்தபோது மணி பதினொன்றரை. சிராங்கூன் ரோட்டில் சீனிவாசப் பெருமாள் கோயில் கோபுரத்தின்மேல் வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது. அண்ணன் எனக்கு முன்பே வந்து, கோயில் சுவரோரம் இருந்த இரண்டடி நிழலில் நின்றிருந்தார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிங்கப்பூர்க் காவல்துறையில் இருந்தவர். அதில் நிறைய வருடம் காணாமல் போனவர்களைத் தேடும் வேலை. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த வேலையைப் பற்றி எழுதப்போகிறேன், அலுவலகத்தைப் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தேன். சுவரில் வரைபடமும் அதில் குத்திய சிவப்பு ஊசிகளும் இருக்கும் என்று எனக்கு ஒரு கற்பனை. "ஆபீஸ்ல என்ன இருக்கு? கம்ப்யூட்டரும் காஞ்சுபோன கோப்பிக் கப்பும்தான். ஓவன் ரோட்டுக்கு வா. பன்னண்டு மணிக்குள்ள வா" என்றார்.

பன்னிரண்டு மணி ஏன் என்பது எனக்குத் தெரியும். சிங்கப்பூரில் ஐம்பது வயதைத் தாண்டிய எவருக்கும் தெரியும்.

1986 மே 14, புதன்கிழமை. ஓவன் தொடக்கப்பள்ளியில் படித்த இரண்டு பையன்கள், இருவருக்கும் 12 வயது, மதியப் பள்ளிக்குக் கிளம்பினார்கள். வகுப்புக்குப் போகவில்லை. வீட்டுக்கும் திரும்பவில்லை. தகவல் தருவோருக்கு 100,000 வெள்ளி சன்மானம் என்று மெக்டானல்ட்ஸ் நிறுவனம் அறிவித்தது. அதனால் செய்தித்தாள்களில் அவர்களுக்கு 'மெக்டானல்ட்ஸ் பையன்கள்' என்றே பெயராகிவிட்டது. அந்தப் பணத்தை யாரும் வாங்கவில்லை. இன்றுவரை ஒரு சட்டைப் பொத்தான்கூடக் கிடைக்கவில்லை.

"நான் அந்த கேஸ்ல இல்ல. அப்போ தாம்சன் ரோடு அகாடமியில டிரெயினிங்ல இருந்தேன். ஆனா எங்க செட்டுல எல்லாருக்கும் அதுதான் முதல் பாடம்."

ஓவன் ரோட்டுக்குள் திரும்பினோம். முனையில் ஃபார்ச்சுனா ஹோட்டல். அதைப் பார்த்ததும் அண்ணன் நின்றார். அதே மூலையில்தான் ஹோட்டல் நியூ வோர்ல்ட் இருந்த லியன் யாக் கட்டடம் நின்றது. ஆறு மாடி. 1986 மார்ச் 15 அன்று ஒரு நிமிடத்துக்குள் மொத்தமாக உட்கார்ந்துவிட்டது. 33 பேர் இறந்தார்கள். இடிபாட்டுக்குள்ளிருந்து 17 பேரை உயிரோடு எடுத்தார்கள். எம்.ஆர்.டி. சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த வெளிநாட்டுப் பொறியாளர்கள் வந்து பக்கவாட்டில் சுரங்கம் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் முடிவதற்கு ஒருநாள் குறைவு, அதே சாலையில் இரண்டு பிள்ளைகள் காணவில்லை. கான்கிரீட்டுக்கு அடியில் கிடந்தவர்களைக் கண்டுபிடித்த ஊரால், பட்டப்பகலில் தெருவில் நடந்தவர்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இந்த இரண்டையும் நான் இதுவரை சேர்த்து நினைத்ததே கிடையாது.

ஓவன் ரோடு நீளமான தெரு அல்ல. பழைய கடைவீடுகள், இடையிடையே சாப்பாட்டுக் கடைகள், அப்பால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகள். அந்தப் பெயரில் இன்று பள்ளி இல்லை. நாங்கள் நடந்த அந்த நண்பகலில் பள்ளிச் சீருடையில் ஒரு பிள்ளைகூட எதிர்ப்படவில்லை. காலைப் பள்ளி, மதியப் பள்ளி என்று ஒரே கட்டடத்தை இரண்டு கூட்டம் மாற்றி மாற்றிப் பயன்படுத்திய முறை 2016-ல் தொடக்கப்பள்ளிகளில் முற்றிலும் முடிந்துவிட்டது. அந்தக் காலத்தில் பதினொன்றரைக்கும் ஒன்றுக்கும் இடையில் தெருக்களில் ஒரு பட்டாளம் போகும், இன்னொரு பட்டாளம் வரும். "அந்தக் கூட்டத்துல ரெண்டு பேர் குறைஞ்சா யாரு பார்ப்பா?" என்றார் அண்ணன்.

அப்போது எம்.ஆர்.டி. இல்லை; முதல் ரயில் ஓடியது 1987 நவம்பரில். கைப்பேசி இல்லை. கேமரா இல்லை.

கேமராவைப் பற்றிப் பேச்சு வந்ததும் என்னை ஒரு புளோக்கின் தரைத்தளத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். லிப்ட் வாசலுக்கு மேலே, கூரையோரமாக, வெள்ளை நிறத்தில் ஒன்று. மாடிப்படி தொடங்கும் இடத்தில் இன்னொன்று. 2012-ல் தொடங்கி 2016-க்குள் ஏறக்குறைய பத்தாயிரம் வீவக புளோக்குகளிலும் வாகன நிறுத்தக் கட்டடங்களிலும் காவல்துறை இவற்றைப் பொருத்தி முடித்தது. 2021 கணக்குப்படி தீவு முழுவதும் 90,000-க்கு மேல். வீடுகளுக்குள் எட்டிப் பார்க்காது. யார் இறங்கினார், எந்தப் பக்கம் திரும்பினார் என்பது மட்டும் தெரியும்.

"அப்படின்னா இப்போ வேலை சுலபமா?"

சிரித்தார். "இது 'எங்கே'ன்னு சொல்லும் தம்பி. 'ஏன்'னு சொல்லாது."

பெக் கியோ சந்தைக்கு வந்து மேசை பிடித்தோம். அவருக்குத் தே-ஓ, எனக்குக் கோப்பி. மேசைமேல் கிடந்த டிஷ்யூ பாக்கெட்டை வைத்தே பாடம் எடுத்தார். புகார் வந்ததும் முதலில் தேடுவது வீட்டை. கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குள், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால். பெற்றோர் முகம் கோணுவார்கள், தெருவில் தேடாமல் இங்கே என்ன என்று. தூங்கிப்போன நாலு வயதுப் பிள்ளையை ஊரெல்லாம் தேடுவது எவ்வளவு வீண் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். 24 மணி நேரம் கழித்துத்தான் புகார் வாங்குவார்கள் என்பது சினிமா வசனம் என்றார். இங்கே எந்த அக்கம்பக்கக் காவல் நிலையத்திலும் உடனே சொல்லலாம்.

பிறகு கேள்விகள். என்ன போட்டிருந்தது? அம்மா ஒன்று சொல்வார், அப்பா வேறொன்று சொல்வார், பாட்டி சொல்வதுதான் பெரும்பாலும் சரியாக இருக்கும். அண்மையில் எடுத்த படம் உண்டா? பெற்றோர் பெருமையாகக் காட்டுவது பட்டுச் சட்டை போட்ட தீபாவளிப் படம். வேண்டியது நேற்று எடுத்த, தலை கலைந்த படம். பாஸ்போர்ட் டிராயரில் இருக்கிறதா? உட்லண்ட்ஸ் பாலத்தைத் தாண்டினால் ஜொகூர். பஸ் அட்டை எங்கே? இங்கே பள்ளி அட்டையே பயண அட்டையும்கூட. எந்த நிறுத்தத்தில் தட்டினார்கள் என்பது பதிவாகிவிடும்.

"எல்லாத்தையும் விட நான் முதல்ல கேக்கறது ஒண்ணுதான். புள்ள சார்ஜரை எடுத்துட்டுப் போச்சா?"

புரியாமல் பார்த்தேன்.

"போன் மட்டும் போயிருந்தா, கோவத்துல போயிருக்கு. ராத்திரிக்குள்ள வந்துடும். சார்ஜரும் போயிருந்தா, யோசிச்சுப் போயிருக்கு. அப்போ நான் தெருவைத் தேட மாட்டேன். வீட்டைத்தான் மறுபடி பார்ப்பேன். இந்தத் தடவை கட்டிலுக்கு அடியில இல்ல."

தமிழில் நமக்கு 'காணாமல் போன' என்று ஒரே சொல். திருவிழாவில் கைதவறிய பிள்ளையும் காணாமல் போன பிள்ளை. பையைக் கட்டிக்கொண்டு போன பிள்ளையும் காணாமல் போன பிள்ளை. நான் வளர்ந்தது தமிழ்நாட்டில். தூர்தர்ஷனில் காணாமல் போனவர்கள் பற்றிய அறிவிப்பு வரும். ஒரு மங்கலான படம், வயது, மாநிறம், நீல அரைக்கால் சட்டை. எங்கள் வீட்டில் அதைச் சாப்பிட்டுக்கொண்டே பார்ப்போம். ஏன் போனான் என்று அந்த அறிவிப்பு ஒருநாளும் சொன்னதில்லை. எங்களில் யாரும் கேட்டதுமில்லை. பிள்ளை பிடிக்கிறவன் கொண்டுபோயிருப்பான் என்பது வீட்டின் முடிவான தீர்ப்பு.

பிள்ளை பிடிக்கிறவன் இல்லவே இல்லை என்று அண்ணன் சொல்லவில்லை. 2004 அக்டோபரில் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் எட்டு வயதுச் சீனச் சிறுமி ஒருத்தி காணாமல் போனாள். ஊரே தேடியது. மூன்று வாரம் கழித்துத் தெலுக் பிளாங்கா குன்றில் உடல் கிடைத்தது. கொன்றவன் அவளுக்குத் தெரிந்தவன், 2006-ல் தூக்கிலிடப்பட்டான். இதைச் சொல்லும்போது அண்ணன் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. தே-ஓ கிளாஸை மட்டும் நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் அப்படிப்பட்டவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அமெரிக்காவில் 1984-ல் காணாமல் போன பிள்ளைகளுக்கென்று ஒரு தேசிய மையம் தொடங்கினார்கள். அங்கு வரும் புகார்களில் பத்தில் ஒன்பது, தாமாக வீட்டை விட்டுப் போன பிள்ளைகளைப் பற்றியவை. இந்தியாவில் நிலைமை வேறு. அங்கே கடத்தலும் கொத்தடிமை வேலையும் நிஜம். அதனால்தான் 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம், பிள்ளை காணவில்லை என்ற புகார் வந்தாலே முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும், கடத்தல் என்றே எடுத்துக்கொண்டு விசாரிக்க வேண்டும் என்றது. அதற்கு முன்பு, "சொந்தக்காரர் வீட்டில் பாருங்கள்" என்று எத்தனை காவல் நிலையங்களில் திருப்பி அனுப்பினார்களோ. அண்ணனிடம் இதைச் சொன்னேன். "நல்ல தீர்ப்பு. ஆனா கடத்தலுக்குத் தேடுற கண்ணும் ஓடிப்போனதுக்குத் தேடுற கண்ணும் வேற வேற. ரெண்டும் வேணும்" என்றார்.

ரேஸ் கோர்ஸ் ரோடு வழியாகத் தேக்காவை நோக்கி நடந்தோம். வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளிலிருந்து மீன்தலைக் கறி வாசனை. எனக்குப் பசித்தது, அண்ணன் நடையைக் குறைப்பதாக இல்லை. போகிற வழியில் அவர் கை காட்டிய இடங்களை நான் நூறு முறை கடந்திருக்கிறேன். புளோக்கின் மேல்மாடிப் படித்திருப்பம்: ஓடிவந்த பிள்ளைகள் அங்கே அட்டை விரித்துப் படுப்பார்கள், மேல்மாடி வரை ஏறிப் பார்ப்பவர் குறைவு. விடிய விடியத் திறந்திருக்கும் கடை: கையில் ஒரு புத்தகம் இருந்தால் போதும், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை என்று விட்டுவிடுவார்கள். பேருந்து நிறுத்தம் கிடையாது. அது பெரியவர்கள் உட்காரும் இடம், கேள்வி வரும். சிங்கப்பூரில் ஒரு பிள்ளை ஓடி எங்கே போய்விடும் என்று நினைத்திருந்தேன். எழுநூற்றுச் சொச்சம் சதுர கிலோமீட்டர்தானே. நாலு பக்கமும் கடல் என்பதாலேயே ஓடுகிற பிள்ளை மேலே ஏறுகிறது.

கண்டுபிடித்ததும் வேலை முடிந்ததா என்று கேட்டேன்.

"அங்கதானே ஆரம்பம்."

புகாரை முடித்துவைக்கப் பிள்ளையை வீட்டில் சேர்த்தால் போதும். தாளில் 'கண்டுபிடிக்கப்பட்டார்' என்று ஒரு வரி. அவருடைய முதல் சில வருடங்கள் அப்படித்தான் போயின. ஒரே பிள்ளையை மூன்று முறை தேடிப் பிடித்துக் கொடுத்த பிறகுதான் ஏதோ உறைத்ததாம். அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். பிள்ளையோடு லிப்டில் ஏறுவார். அவருக்கு மாடி எண் தெரியும். ஆனாலும் பொத்தானை அமுக்க மாட்டார்; சும்மா நிற்பார்.

"கோவமா இருக்கற புள்ள உடனே அமுக்கும். பட்டுனு. வெக்கமா இருக்கற புள்ள மெதுவா அமுக்கும். சில புள்ளைங்க கையே தூக்காது. கதவு மூடும், லிப்ட் அப்படியே நிக்கும், கதவு மறுபடி திறக்கும். அப்ப நான் கீழேயே உக்காந்துடுவேன். வாய்ட் டெக் பெஞ்சில. மைலோ வாங்கிக் குடுத்துட்டு, போன் பண்ண வேண்டிய ஆளுக்குப் பண்ணுவேன்."

போன் போவது சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சுக்கு. அங்குள்ள குழந்தைப் பாதுகாப்பு அதிகாரிகளுக்குச் சட்டம் கையில் உண்டு. பிள்ளையைப் பாதுகாப்பான இடத்தில் வைக்கலாம். அடங்காத பிள்ளை என்று பெற்றோரே நீதிமன்றத்துக்குப் போகும் வழியும் இருக்கிறது. முன்பு அதற்குப் பெயரே 'பெற்றோர் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட' என்றுதான் தொடங்கும். 2020-ல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 'குடும்ப வழிகாட்டல் ஆணை' என்று மாற்றியிருக்கிறார்கள். பாதுகாப்புக்கான வயது வரம்பும் 16-லிருந்து 18 ஆனது. பெயர் மாறினால் எல்லாம் மாறிவிடாதுதான். ஆனால் பழைய பெயரில் குற்றவாளி யார் என்பது முதல் வரியிலேயே முடிவாகியிருந்தது.

"ஓவன் ரோட்டுப் பையன்களும் அப்படித் தாமாப் போயிருப்பாங்களா?"

இந்தக் கேள்விக்காக அவர் காத்திருந்த மாதிரி இருந்தது. "கேக்காதே. எனக்கும் தோணும். வீட்டுக்கு வீடு ஒரு கதை வெச்சிருக்கு, கடல் கதை, கும்பல் கதை. அத்தாட்சி ஒண்ணும் கிடையாது. ரெண்டு அம்மாவும் என்ன கதையை வெச்சுக்கிட்டுத் தூங்கினாங்களோ. நான் ஒண்ணு சேக்க மாட்டேன்."

பஃபலோ ரோட்டில் அவர் குடியிருக்கும் புளோக்குக்கு வந்தபோது மணி இரண்டைத் தாண்டியிருந்தது. பள்ளி விட்டுப் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். தேக்கா சந்தைக்குள்ளிருந்து ஒரு தாத்தா பேத்தியின் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். லிப்ட் வாசல் அறிவிப்புப் பலகையில், கொசு ஒழிப்புத் தாளுக்குப் பக்கத்தில், புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. காணவில்லை. பூனை. வீவக வீடுகளில் பூனை வளர்ப்பது 2024 செப்டம்பரில்தான் அனுமதிக்கப்பட்டது. அதற்கு முன்பும் இந்தத் தாள்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை.

அண்ணன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதையும் படித்தார். "நல்லா எழுதியிருக்காங்க. கடைசியா எங்கே, எத்தனை மணி, காதுல வெட்டு, கழுத்துப்பட்டை நிறம், எல்லாம் இருக்கு. படமும் தூங்கி எந்திரிச்ச படம்."

அடியில் தடித்த எழுத்தில் ஒரு வரி: பார்த்தால் துரத்த வேண்டாம். எங்களுக்குத் தெரிவிக்கவும்.

அதை இன்னொரு தடவை படித்தார். கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். லிப்ட் வந்தது, இருவரும் ஏறினோம். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எந்த மாடி என்று எனக்குத் தெரியாது என்பது அவருக்கு நினைவு வரக் கொஞ்சம் நேரமாயிற்று.