சுவரில் விழும் விரிசல்

ரோமன் பொலான்ஸ்கி 1965இல் இயக்கிய 'ரிபல்ஷன்' என்னும் கறுப்பு வெள்ளைப் படம், லண்டன் அழகு நிலையமொன்றில் வேலை செய்யும் காரோல் என்ற இளம்பெண்ணின் மனச்சிதைவை, மருத்துவர் எவரின் விளக்கவுரையும் இன்றி, அவள் காணும் சுவர்களையும் கேட்கும் ஓசைகளையும் கொண்டே உணர்த்துகிறது. அக்காள் விடுமுறைக்குச் சென்றபின் தனித்திருக்கும் அவள் நாட்கள் கழிவதை அறியாதபோதும், அழுகும் முயலிறைச்சியும் முளைவிடும் உருளைக்கிழங்குகளும் பார்வையாளருக்குக் காலக்கணக்கைச் சொல்கின்றன.

ஒளிப்பதிவாளர் கில்பர்ட் டெய்லர் பயன்படுத்திய அகலக்கோண வில்லை, அதாவது அருகிலுள்ளதைப் பெரிதாக்கித் தொலைவிலுள்ளதை மேலும் விலக்கிக் காட்டும் வில்லை, பழகிய அறைகளை அந்நியமாக நீட்டிவிடுகிறது. சுவர் பிளக்கிறது, அதிலிருந்து கைகள் நீள்கின்றன. ஆயினும் படத்தின் பெருந்துணிவு ஒலியில்தான் இருக்கிறது. ஒருவன் தன்னைத் தாக்குவதாக அவளுக்குத் தோன்றும் மாயக்காட்சியில், அதாவது இல்லாததைப் புலன்கள் மெய்யென உணரும் நிலையில், சிகோ ஹாமில்டனின் ஜாஸ் இசை விலகிவிட, அலறல்கூடக் கேட்காமல் கடிகாரத்தின் ஓசை மட்டும் தொடர்கிறது. உதவிக்கு அழைத்தும் குரல் வெளியே எட்டாத ஒருவரின் தனிமையை இதைவிடக் கூர்மையாகச் சொன்ன திகில் படங்கள் அரிது.

மனநோயுற்றோரில் மிகப் பெரும்பாலோர் எவரையும் துன்புறுத்தாதவர்களாக இருக்க, நோயைக் கொலையோடு பிணைக்கும் வழக்கத்திலிருந்து இப்படமும் விடுபடவில்லை என்பது வருத்தத்துக்குரியது. ஆயினும் நோயை விளக்கும் விதத்தில் இது வேறுபடுகிறது. ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) இறுதியில் மனநல மருத்துவர் ஒருவரை நிறுத்தி விளக்கம் அளித்தது. பொலான்ஸ்கியின் கேமராவோ பழைய குடும்பப் புகைப்படமொன்றை நெருங்கி, விலகி நிற்கும் ஒரு சிறுமியின் கண்ணில் நின்றுவிடுகிறது.