வீட்டுக்குள் வந்த வேவுக்காரன்

2024ஆம் ஆண்டு ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை ஏழு மணிக்கு முன்னதாகவே வவுனியாவிலிருந்து ஒரு தாய் தொலைபேசியில் அழைத்தார். 2008இல் கொழும்பில் கடையொன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது வெள்ளை வானில் கொண்டுசெல்லப்பட்ட மகனைத் தேடுபவர். 2017 பெப்ரவரியில் அங்கு தொடங்கிய உறவினர்களின் போராட்டப் பந்தலில் முதல் வரிசையில் அமர்ந்தவர்களில் ஒருவர்.

"தம்பி, காசு வேணுமெண்டு எழுதியிருக்கிறியளாம். பேத்தி போனில வாசிச்சுச் சொன்னவள். என்ன கரைச்சல்? என்னட்டப் பத்தாயிரம் இருக்கு. ஆற்றையேன் கையில குடுத்து விடவோ?"

நான் எவரிடமும் காசு கேட்டிருக்கவில்லை. என் முகநூல் கணக்கு கேட்டிருந்தது. அதுவும் அவரிடம் மட்டுமன்று; இரவோடிரவாக இருநூறுக்கும் மேற்பட்டோருக்கு, அவசர சத்திரசிகிச்சை என்றும் நாளையே திருப்பித் தருவேன் என்றும், நான் ஒருபோதும் எழுதாத ஆங்கிலத்தில் செய்தி போயிருந்தது. மின்னஞ்சலைத் திறந்தேன். நான் கால் வைத்தேயிராத ஒரு நாட்டிலிருந்து என் கணக்கினுள் நுழைந்தது நான்தானா என்று கேட்டுக் கடிதம் வந்து நான்கு மணித்தியாலம் ஆகியிருந்தது.

மெல்பேணில் இருக்கும் தங்கையின் மகனை அழைத்தேன். கணினித்துறையில் வேலை பார்ப்பவன். நான் கதையை முடிக்கவும் விடவில்லை.

"மாமா, முதல்ல வைஃபையை நிப்பாட்டுங்கோ. அந்தக் கொம்பியூட்டரில இருந்து பாஸ்வேர்ட் ஒண்டையும் மாத்தாதேங்கோ. மாத்தினா அந்தப் புதுசும் அவனிட்டப் போயிடும். மாமியின்ர போனில இருந்து மாத்துங்கோ."

பின்னர் கேட்டான்: "கடைசியா என்ன டவுன்லோட் பண்ணினீங்கள்?"

ஒன்றுமில்லை என்றேன். மறுபடியும் கேட்டான். ஒன்றுமில்லை என்றேன். மூன்றாம் முறை கேட்டபோது சொன்னேன்.

என்னிடம் 1990களின் பிற்பகுதியிலிருந்து எழுதிய முந்நூற்றுச் சொச்சம் கட்டுரைகள் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. அக்காலத்தில் இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் கணினியில் எழுதிய எவருக்கும் பாமினியைத் தெரியும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய எழுத்துரு அது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பைதான் தெரியும். சுரதாவின் எழுத்துருமாற்றி பல ஆண்டுகள் எனக்குக் கைகொடுத்தது. ஆனால் ஒவ்வொன்றாகப் பிரதிசெய்து ஒட்டி மாற்ற வேண்டும். முந்நூறையும் ஒரே மூச்சில் யூனிகோடாக்கித் தரும் இலவச மென்பொருள் உண்டா என்று தேடினேன். கிடைத்தது. கடவுச்சொல்லிட்டுப் பூட்டிய பொதியாக வந்தது; கடவுச்சொல்லும் அருகிலேயே எழுதியிருந்தது. நிறுவும்போது சிறிது நேரத்துக்கு வைரஸ் கார்டை நிறுத்திவிடும்படி கேட்டது. நிறுத்தினேன். திரையில் ஏதோ பிழைச்செய்தி வந்து மறைந்தது. மென்பொருள் சரியில்லை போலும் என்று எண்ணி, மூடிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன்.

பொதியைப் பூட்டி அனுப்புவது வைரஸ் கார்ட் உள்ளே பார்க்காதிருக்கத்தான் என்று மருமகன் பின்னர் விளக்கினான். பூட்டையும் கொடுத்துத் திறப்பையும் கொடுத்தால் அதை ஏன் பூட்டினான் என்று யோசிக்க வேண்டாமா என்று கேட்டான். மாமனிடம் கேட்கிறோம் என்ற கூச்சம் அவன் குரலில் இருந்தது. எனக்கு அதுவே கூடுதல் வெட்கம்.

வெட்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு இது முதல் அனுபவம் அன்று.

வத்தளைக்குக் குடிவந்த புதிதில், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் பாகம் பாகமாக வாங்கிப் பொருத்திய கணினி ஒன்று வைத்திருந்தேன். வின்டோஸ் எக்ஸ்பி, தொலைபேசிக் கம்பி வழியே இணைய இணைப்பு. 2005ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் திகதி தராக்கி சிவராம் பம்பலப்பிட்டியில் பொலிஸ் நிலையத்துக்கு முன்பாகக் கடத்தப்பட்டு, மறுநாள் பாராளுமன்றத்துக்கு அண்மையில் சடலமாகக் கிடந்தார். அதற்குச் சில வாரங்களின் பின் ஓர் இரவு, எவரும் தொடாமலே என் கணினியின் மோடம் கீச்சிட்டு எண் சுழற்றத் தொடங்கியது. முதற்பக்கம் தானாக மாறியிருந்தது. மூட மூடப் புதுச் சாளரங்கள் திறந்தன. தொலைபேசிக் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். மனைவி விளக்கை அணைத்தாள். இருவரும் இருட்டில் அமர்ந்திருந்தோம். "அவர்கள்" உள்ளே வந்துவிட்டார்கள் என்பதில் எங்களுக்கு ஐயமே இருக்கவில்லை.

அடுத்த ஒழுங்கையில் உயர்தர வகுப்பில் கணிதம் படித்த பையன் ஒருவன், ஸ்பைபொட், அட்-அவெயார் என்ற இரு மென்பொருள்களை இறுவட்டில் கொண்டுவந்து ஓட்டினான். நூற்று நாற்பதுக்கு மேற்பட்ட சாமான்கள் பிடிபட்டன. உலாவியைத் தன் பக்கத்துக்கு இழுக்கும் கூல்வெப்சேர்ச் வகையறா, இலவசக் கருவிப்பட்டைகள், வெளிநாட்டு எண்களுக்கு அழைப்பெடுத்து தொலைபேசிக் கட்டணத்தை ஏற்றும் டயலர் ஒன்று. "அங்கிள், இது ஆமி இல்லை, விளம்பரக்காரன்" என்றான் பையன். அந்நாளில் ஸ்பைவேரை நீக்குவதாகச் சொல்லிப் பயமுறுத்திப் பணம் கறந்த ஸ்பைஷெரிஃப் போன்ற ஸ்பைவேர்களும் இருந்தன. வேலியே பயிரை மேய்ந்த காலம். எங்கள் இருட்டறைக் கதையைச் சொல்லிப் பல ஆண்டுகள் நண்பர்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். கணினிக்குள் வருபவன் சத்தம் போட்டுக்கொண்டுதான் வருவான் என்ற எண்ணம் அந்தச் சிரிப்போடு என்னுள் தங்கிவிட்டது.

2024இல் வந்தவன் ஒரு சத்தமும் போடவில்லை. கணினி மெதுவாகவுமில்லை, விளம்பரமும் வரவில்லை. உலாவியில் நாம் சேமித்துவைக்கும் கடவுச்சொற்களையும், ஒருமுறை உள்நுழைந்த பின் திரும்பத் திரும்பக் கேட்காதிருக்க உலாவி வைத்திருக்கும் குக்கிகளையும் அள்ளி, ஒரு பொதியாகக் கட்டிச் சில நிமிடங்களில் அனுப்பிவிடுவதே இவ்வகை மென்பொருளின் தொழில். குக்கி கையில் இருந்தால் கடவுச்சொல்லே தேவையில்லை. கைத்தொலைபேசிக்குக் குறியீடு அனுப்பும் இரண்டாம் பூட்டும் பயனில்லை. ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஆளாகவே அவனைத் தளம் கருதும். எனவே கடவுச்சொல்லை மாற்றினால் மட்டும் போதாது, எல்லாக் கருவிகளிலிருந்தும் கணக்கை வெளியேற்ற வேண்டும் என்று மருமகன் ஒவ்வொரு கணக்குக்கும் என்னைச் செய்ய வைத்தான். இது பெரிய வியாபாரம். 2025 மே மாதத்தில் லும்மா என்ற இவ்வகை மென்பொருளின் வலையமைப்பை மைக்ரோசொஃப்ட்டும் பல நாட்டுக் காவல்துறையினரும் முடக்கியபோது, அதற்கு முந்திய இரண்டே மாதங்களில் 3,94,000க்கும் அதிகமான கணினிகளில் அது புகுந்திருந்ததாக மைக்ரோசொஃப்ட் கூறியது.

நீக்கும் வேலை ஒரு மாலைப்பொழுதில் முடிந்தது. மனைவியின் தொலைபேசியில் மருமகன் காணொளியாக என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். டாஸ்க் மனேஜரில் எதுவும் சிக்கவில்லை. ஓட்டோரன்ஸ் என்று ஒரு கருவி உண்டு; வின்டோஸ் எழும்போது கூடவே எழும் அத்தனையையும் பட்டியலிட்டுக் காட்டும். மனைவியின் தொலைபேசியில் இறக்கிக் கம்பிவழி மாற்றி ஓட்டினோம். உலாவியைப் புதுப்பிக்கும் பணி என்ற சாதுவான பெயரில் ஒன்று நின்றது. ஆனால் அது இருந்த இடம் உலாவியின் கோப்புறை அன்று. என் பயனர் கோப்புறையின் அடியில் ஆப்டேட்டாவுக்குள், அர்த்தமில்லாத எழுத்துகளில் பெயரிட்ட ஓரிடம். உருவான நேரம் நான் தேநீர் குடிக்கப் போன நேரம். டிஃபெண்டரின் ஒஃப்லைன் சோதனை, வின்டோஸ் எழுவதற்கு முன்பே வட்டைப் பரிசோதிப்பது, கால்மணி நேரம் ஓடி அதையும் இன்னொன்றையும் பிடித்தது. "பிடிச்சது ரெண்டு. பிடிக்காதது எத்தனை எண்டு தெரியாது" என்றான் மருமகன். ஆவணங்களை மட்டும் வெளியே எடுத்துவிட்டு, வட்டை முழுதாக அழித்து வின்டோஸைப் புதிதாக நிறுவினோம். இரவு பத்துமணிக்குக் கணினி பிறந்த குழந்தைபோல் இருந்தது.

அப்போதுதான் அவன் கேட்டான்: "மாமா, டெஸ்க்டொப்பில முக்கியமான ஃபைல் ஏதும் வச்சிருந்தனீங்களா? இந்த வகை அதுகளையும் எடுக்கும்."

வைத்திருந்தேன். "தொடர்புகள்" என்று பெயரிட்டு, கண்ணுக்கு முன்னால்.

போர்க்காலத்தில் என் சட்டைப்பை நாட்குறிப்பில் எவருடைய சொந்தப் பெயரும் இருந்ததில்லை. கச்சேரியில் வேலை பார்த்தவர் "பால்காரர்". மன்னாரில் ஒரு குருவானவர் "தச்சுவேலை". எண்களின் கடைசி இரண்டு இலக்கங்களை இடம்மாற்றி எழுதுவேன். சோதனைச்சாவடியில் நாட்குறிப்பை வாங்கிப் புரட்டிய சிப்பாய்கள், தச்சுவேலைக்காரருடன் இவனுக்கு என்ன இத்தனை அலுவல் என்றுகூடக் கேட்டதில்லை. 2015இன் பின் வந்த தளர்வில், ஓய்வாக இருந்த ஒரு வாரத்தில், அந்த நாட்குறிப்புகளையெல்லாம் எடுத்து, உண்மைப் பெயர், சரியான எண், ஊர், எதைப் பற்றிப் பேசினார் என்ற குறிப்பு உட்பட அழகாக எக்செல் அட்டவணையாக்கினேன். அறுபத்து மூன்று பேர். ஓர் இராணுவ வீரனுக்கும் நான் கொடுக்காததை முகந்தெரியாத ஒரு திருடனுக்கு நானே பட்டியலிட்டு வைத்திருந்தேன்.

காசுக்குத் திருடுபவனுக்குத் தமிழ்ப் பெயர்ப் பட்டியல் எதற்கு என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் திருட்டுப் பொதிகள் கைமாறி விற்கப்படுபவை. கடைசியில் வாங்குபவன் யார் என்பது அதை எடுத்தவனுக்கே தெரியாது. அன்றிரவு எனக்கு அருட்தந்தை ஸ்டான் சுவாமியின் நினைவு வந்தது. திருச்சி மாவட்டத்தில் பிறந்து, ஜார்க்கண்டின் ஆதிவாசிகளிடையே வாழ்ந்த இயேசுசபைத் துறவி. பீமா கோரேகான் வழக்கில் 2020 அக்டோபரில், 83 வயதில், பார்க்கின்சன் நோயுடன் கைதுசெய்யப்பட்டு, 2021 ஜூலை 5ஆம் திகதி பிணை கிடைக்காமலே மும்பை மருத்துவமனையில் இறந்தார். எதிர்த்தரப்புச் சட்டத்தரணிகளின் கோரிக்கையில் அவரது கணினியின் பிரதியை ஆராய்ந்த அமெரிக்காவின் ஆர்செனல் கன்சல்டிங் நிறுவனம், 2014 அக்டோபர் முதல் 2019 ஜூன் 12 அன்று அது கைப்பற்றப்படும்வரை அதற்குள் அந்நியன் ஒருவன் இருந்தான் என்றும், அவரைக் குற்றவாளியாக்கும் கோப்புகளை அவன் உள்ளே வைத்தான் என்றும், கைப்பற்றப்படுவதற்கு முந்திய நாள் தன் தடயங்களை அழிக்க முயன்றான் என்றும் 2022 டிசம்பரில் அறிக்கை தந்தது. அரசுத்தரப்பு இவ்வகை அறிக்கைகளை ஏற்கவில்லை. அதே வழக்கின் ரோனா வில்சனுக்கு, அறிமுகமானவரின் மின்னஞ்சல் கணக்கிலிருந்து வந்த இணைப்பைத் திறந்ததில் தொடங்கியது வினை. பயன்பட்ட நெட்வயர் என்ற மென்பொருளை 2023 மார்ச்சில் அமெரிக்க எஃப்.பி.ஐ. அதன் விற்பனைத் தளத்தைக் கைப்பற்றும்வரை எவரும் காசு கொடுத்து வாங்கலாம். உள்ளே வந்தவன் எடுத்துச் செல்வான் என்று மட்டுமே நாம் அஞ்சுகிறோம், வைத்துவிட்டும் போகலாம்.

என்னை ஸ்டான் சுவாமியுடன் ஒப்பிடுவதாக எவரும் எண்ண வேண்டாம். எனக்கு வந்தவன் சில்லறைத் திருடன் என்றே மருமகன் நம்புகிறான், நானும் நம்புகிறேன். ஆனால் அந்த அறுபத்து மூன்று பேரும் என் நம்பிக்கையின்மேல் ஆபத்தைச் சுமக்க ஒப்புக்கொண்டவர்கள் அல்லர்.

எனவே ஒவ்வொருவரையும் அழைத்தேன். மூன்று வாரங்கள் பிடித்தன. ஐந்து பேர் இறந்துவிட்டிருந்தார்கள். இருவரின் மரணம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பதினொரு எண்கள் வேறு எவரிடமோ போயிருந்தன. பலர், "அதுக்கென்ன, இப்ப ஆர் எங்களைத் தேடப்போகினம்" என்று சொன்னார்கள். எனக்காகச் சொன்னார்களா, உண்மையாகவே சொன்னார்களா என்று குரலில் பிடிபடவில்லை. "பால்காரர்" ஓய்வுபெற்று மகளுடன் இருக்கிறார். முழுவதையும் கேட்டார். "பேரோட எழுதி வச்சிருந்தனீரோ?" என்றார். ஓம் என்றேன். "இனி எனக்கு எடுக்காதையும்" என்று வைத்துவிட்டார். இருபத்தாறு ஆண்டுப் பழக்கம்.

வவுனியாத் தாயை முதலிலேயே அழைத்துச் சொல்லியிருந்தேன். மகனின் படமும் போய்விட்டதா என்று கேட்டார். போயிருக்கலாம் என்றேன்.

"படம் போனாப் போகட்டும் தம்பி. நாங்கள் அதைத் தெருவில பிடிச்சுக்கொண்டுதானே இருக்கிறம். நம்பரை மாத்தச் சொல்லிப் போடாதேங்கோ. அவனுக்குத் தெரிஞ்சது இந்த நம்பர்தான்."

மாற்றத் தேவையில்லை அம்மா என்றேன். புறக்கோட்டையில் ஒரு சிறிய நாட்குறிப்பு வாங்கி, அவரது எண்ணைக் கடைசி இரண்டு இலக்கங்களை இடம்மாற்றி எழுதிக்கொண்டேன். பாமினிக் கட்டுரைகளை நாளுக்கு இரண்டாகப் பிரதிசெய்து ஒட்டி மாற்றிக்கொண்டிருக்கிறேன்.