பசுமைத் தீவில் சில நாட்கள் – 7: மேல் கை விடாதே!

டப்ளினில் 82,300 பேர் அமரும் குரோக் பார்க் அரங்கைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அங்கே ஹர்லிங் என்னும் மட்டைப்பந்தாட்டம் ஆடுகிறவர்கள் எப்படி உருவாகிறார்கள் என்று பார்க்க ஆசை. ரயிலேறிக் கில்கென்னி வந்து சேர்ந்தேன்.

நோர் ஆற்றங்கரை ஊர். சனிக்கிழமை காலை, மழை விட்டும் தூவானம் விடவில்லை. கிளப் மைதானத்தில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் இருபது பேர் தலைக்கவசத்தோடு நின்றார்கள். ஆண்கள் ஆடினால் ஹர்லிங், பெண்கள் ஆடினால் கமோகி. அடிக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றே.

பயிற்சி தந்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. இதற்குச் சம்பளம் கிடையாது. குரோக் பார்க்கில் ஆடுகிற நட்சத்திரங்களுக்கும் கிடையாது. 1884இல் தர்ல்ஸ் ஊரில் பிறந்த கேலிக் விளையாட்டுச் சங்கம் இன்றும் அந்த நெறியில்தான் நிற்கிறது.

என்னிடமும் ஒரு மட்டையைக் கொடுத்தார். ஆஷ் மரத்தின் அடித்தூரில், வேர் வளைகிற இடத்தில் அறுத்தெடுத்தது. மரத்தின் ரேகையும் வளைந்து அகன்ற நுனிவரை ஓடுவதால் அடி தாங்குகிறது. கிரிக்கெட் பழக்கத்தில் இடது கையை மேலே வைத்தேன். அவர் வலது கையை மேலே மாற்றிவைத்தார்.

"கீழ்க்கை பந்தைப் பிடிக்கப் போய்விடும். அப்போது மட்டையை ஒரே கைதான் ஆள வேண்டும். அது உங்கள் பலமான கையாக இருக்கட்டும்."

முதலில் தரைப் பந்து. கால்கள் தோள் அகலத்துக்கு. முழங்கால் லேசாக மடங்க வேண்டும். பந்து முன்காலுக்கு நேரே. கீழ்க்கை மேலேறி மேல் கையோடு சேர்ந்ததும் மட்டையைப் பின்னே உயர்த்தி, உடல் எடையை முன்காலுக்கு மாற்றி வீச வேண்டும். பந்தில் பட்ட பிறகும் வீச்சு நிற்கக் கூடாது.

அடுத்தது கையிலிருந்து அடிப்பது. இங்கேதான் பிள்ளைகள் திணறினார்கள். தோல் பந்தை இடது கையால் மெல்லத் தூக்கிப் போட்டு, அது இறங்குவதற்குள் அந்தக் கை மட்டைக்குத் திரும்பிவிட வேண்டும். ஒரு சிறுமி ஆறு முறை தவறவிட்டாள். பலமாக அடி என்று ஆசிரியை சொல்லவில்லை. மட்டையை வாங்கிப் புல்லில் வைத்தார். "பந்தை மட்டும் போடு. உன் முன்காலுக்குப் பக்கத்தில் விழட்டும்."

பத்துப் பதினைந்து தடவை போட்டாள். பிறகு மட்டையை எடுத்தாள். 'டொக்' என்று ஒரு சத்தம். பந்து வேலிவரை போயிற்று. ஆசிரியை கைதட்டிவிட்டு உடனே சொன்னார்: "இனி மறுபக்கம்." எதிராளி நெருங்கும்போது எந்தப் பக்கம் இடம் கிடைக்கும் என்று தெரியாது, இரு பக்கமும் அடிக்கத் தெரிந்தாக வேண்டும்.

2018இல் யுனெஸ்கோ இந்த ஆட்டத்தை மனித குலத்தின் பண்பாட்டு மரபாக ஏற்றது. அந்த மரபைக் காப்பவர்கள் தூறலில் நனைந்தபடி பிஞ்சு விரல்களைத் திருத்திவைக்கும் இவர்களே. உங்கள் பிள்ளைக்கு எந்த ஆட்டம் சொல்லித்தந்தாலும் பலத்தைப் பிறகு கேளுங்கள். முதலில் பிடியைப் பாருங்கள்.

(பயணம் தொடரும்)