மங்கிய விளக்கு

எங்கள் இல்லத்து மின்னடுப்பு சென்ற மார்கழியில் ஓர் இரவு சூடேற மறுத்தது. எரிவாயு உருளை அன்று மாலையே தீர்ந்திருந்தது. உம்மாவுக்கு எண்பது வயதைத் தாண்டிய உடல். இழுப்பு நோய் உண்டு. பின்னிரவில் வெந்நீரும் காலையில் கஞ்சியும் தவறக்கூடாது. ஆகவே அச்சிறிய அடுப்பு அன்று எங்களுக்குப் பெரிய பொருளாகிவிட்டது.

அடுப்பு பழையது, பீங்கான் தட்டில் பள்ளம் வெட்டிச் சுருள் கம்பியைப் பதித்த வகை. அக்கம்பிக்கு நிக்ரோம் என்று பெயர். நூற்றுக்கு எண்பது பங்கு நிக்கலும் இருபது பங்கு குரோமியமும் சேர்ந்த கலவை. 1906இல் ஆல்பர்ட் மார்ஷ் என்னும் அமெரிக்கர் இதற்குக் காப்புரிமை பெற்றார். சூடேறும்போது அதன் மேல் குரோமியம் ஆக்சைடு மெல்லிய படலமாகப் படிந்து கம்பியைக் காக்கிறது. அதனாலேயே அது நெருப்பாய்ச் சிவந்தும் எரிந்து போவதில்லை. ஆயினும் ஆண்டுகள் பல ஆனால் எங்கேனும் ஓரிடத்தில் அறும். அறுந்த முனைகளை இழுத்து முறுக்கிவிட்டுச் சமைப்பவர் உண்டு. அது தவறு. முறுக்கிய இடம் மீண்டும் கருகும். சுருளின் நீளம் குறைந்தால் மின்னோட்டமும் கூடும்.

இவ்வளவும் அறிந்தவன் என்ற செருக்கோடுதான் நான் அடுப்பின் முன் அமர்ந்தேன். சுவரின் ஸ்விட்சைப் போட்டதும் அடுப்பின் சிவப்பு விளக்கு எரிந்தது. டெஸ்டரைச் சுவர்த்துளையில் வைத்தேன், அதுவும் எரிந்தது. "மின்சாரம் வருகிறது. சுருள்தான் அறுந்திருக்கிறது" என்று தீர்ப்புச் சொன்னேன்.

"குமிழைத் திருப்பினால் விளக்கு மங்கிப் போகிறதே, பார்த்தீர்களா?" என்றாள் மனைவி. நாலைந்து நாளாக ரப்பர் கருகும் வாடை வருவதாகவும் சொன்னாள். வாடை பக்கத்து வீட்டிலிருந்து வருவது என்றேன். விளக்கைப் பற்றி மறுமொழியே சொல்லவில்லை. முப்பதாண்டுகள் பிறருக்குப் பாடம் சொல்லிவந்தவனுக்கு, தன் வீட்டில் ஒருவர் பாடம் சொல்வது காதில் ஏறுவதில்லை போலும்.

அன்றிரவு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டித்தான் வெந்நீர் வாங்கினோம். காலையில் புதிய சுருள் வாங்கி வந்து பொருத்தினேன். விளக்கு எரிந்தது, சுருள் சிவக்கவில்லை.

பிறகுதான் என்னிடம் முன்னர் ஓதிய மாணவர் ஒருவரை அழைத்தேன். இப்போது மின்பணி செய்கிறார். வந்தவர் முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் அடுப்பைத் தொட்டார். 100 வாட் குண்டு பல்பு ஒன்றைச் சுருளோடு தொடராக இணைத்துப் பார்த்தார். பல்பு நன்றாக எரிந்தது. நான் கழற்றியெறிந்த பழைய சுருளையும் கேட்டு வாங்கிச் சோதித்தார். அதிலும் எரிந்தது!

"ஹஜ்ரத், இரண்டு சுருளிலும் குறையில்லை. குமிழைத் திருப்பும்போது விளக்கு எப்படி எரிகிறது?"

கதவுக்கு அப்பாலிருந்து மறுமொழி வந்தது: "மங்கிப் போகும், தம்பி."

அவர் விளக்கியது இது. சுருள் அறுந்திருந்தால் குமிழைத் திருப்பினாலும் விளக்கு மாறாமல் எரியும். மங்குகிறது என்றால், மின்சாரம் வரும் வழியில் ஓர் இணைப்பு கருகியிருக்கிறது என்று பொருள். கருகிய இணைப்பு வழியே சிறு விளக்குக்கும் டெஸ்டருக்கும் வேண்டிய துளி மின்னோட்டம் கசிந்து வரும். அடுப்பு கேட்கும் பெருமின்னோட்டம் வராது. அடுப்புக்குப் போக வேண்டிய வெப்பமோ அந்த இணைப்பிலேயே பிறக்கும்.

கேட்டதும் எனக்கு நஹ்வுப் பாடம் நினைவு வந்தது. சொல்லின் இறுதியில் இஃராபு பிசகினால் அந்தச் சொல்லையே உற்றுப் பார்த்துக்கொண்டிராதே, அதை ஆளும் ஆமில் எது என்று தேடு என்று மாணவர்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அவரிடமும் சொன்னதுண்டு.

மெயினை அணைத்துவிட்டுச் சுவர்ப்பெட்டியைத் திறந்தார். உள்ளே செம்புக்கம்பியின் உறை உருகி வழிந்திருந்தது, திருகாணி கரிந்திருந்தது, மரப்பெட்டியின் ஒரு விளிம்பு கரியாகவே ஆகியிருந்தது. அதற்கு ஒரு சாண் தொலைவில் ஆணியில் உம்மாவின் வெள்ளைத் துப்பட்டி தொங்கிக்கொண்டிருந்தது. மனைவி ஒன்றும் பேசாமல் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுப்பு 2000 வாட். 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். நான் அதைச் சொருகியிருந்ததோ 6 ஆம்பியர் துளையில். பெரிய பிளக் அதில் நுழையாது. நுழையக்கூடாது என்றே அவ்வாறு செய்திருக்கிறார்கள். நான்தான் பெரியதைச் சிறியதில் நுழைக்கும் மாற்றுப் பிளக் ஒன்றைக் கடையில் தேடி வாங்கி வந்தேன். மலிவாய் முடித்தேன் என்று வீட்டில் பெருமையும் பேசினேன்.

மாணவர் 4 சதுர மில்லிமீட்டர் கம்பியைத் தனியே இழுத்து, 16 ஆம்பியர் துளையும் அதற்கென ஒரு எம்.சி.பி.யும் பொருத்தினார். எர்த் கம்பி முறையாக இருக்கிறதா என்றும் பார்த்தார். திறந்த சுருள் அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்தால் பாத்திரத்திலேயே மின்சாரம் ஏறக்கூடும் என்றார். மாற்றுப் பிளக்கைத் தம் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார், மறுபடியும் என் கையில் அகப்படாதிருக்க.

பழைய சுருளையே திரும்பப் பொருத்தினோம். குமிழைத் திருப்பும்போது விளக்கைக் கவனிக்கும்படி மனைவியை நானே அழைத்தேன். "மங்கவில்லை" என்றாள். சற்று நேரத்தில் சுருள் சிவந்தது. உம்மா உள்ளேயிருந்து கஞ்சி ஆயிற்றா என்று கேட்டார்கள். புதிய சுருளைக் கடைக்காரர் திரும்ப வாங்க மறுத்துவிட்டதால், அது என் கிதாபு அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது.